சைடுகார் பூட்டிய புல்லட்டுக்கு எந்த டயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் உட்காரப் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத் தொட்டி, அதாவது சைடுகார், பூட்டிய புல்லட்டை எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் வந்து படம் எடுப்பார்கள். அதே மாதிரி வண்டி வைத்திருப்பவர் வந்தால் மட்டும் நேராகக் குனிந்து டயரைப் பார்ப்பார். பிறகு கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

நம் நாட்டு வழக்கப்படி சைடுகார் இடப்பக்கம் இருப்பதாகவே எல்லாம் எழுதியிருக்கிறேன். வண்டி, 19 அங்குல ரிம் கொண்ட பழைய ஸ்டாண்டர்டு புல்லட். உங்களுடையது வேறு வண்டியானால் அளவுகள் மாறும், காரணங்கள் மாறாது.

மூணு சக்கரத்துக்கும் ஒரே டயர்தான் போடணுமா?

வேண்டியதில்லை. மூன்று சக்கரமும் செய்யும் வேலை மூன்று விதம். முன் சக்கரம் வண்டியைத் திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. பின் சக்கரம் இழுக்கிறது, ஓட்டுபவரின் எடையையும் சைடுகாரின் எடையில் ஒரு பங்கையும் சுமக்கிறது. சைடுகார் சக்கரம் பெரும்பாலும் சும்மா உருண்டு வருகிறது. ஆனால் வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் மொத்த வண்டியும் அதன் மேல் சாய்கிறது.

அதனால் மூன்றிலும் வேறு வேறு டயர் இருப்பது தவறில்லை. பல சமயம் அதுதான் சரியும்கூட. எந்த டயரை எங்கே போட்டோம், அதனால் எது மாறியது என்று தெரியாமல் கலப்பதில்தான் சிக்கல் வருகிறது.

சாதா பைக் டயரே போட்டு ஓட்டினா என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை, பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாதா பைக் வளைவில் சாயும். அதற்காகவே அதன் டயரை உருண்டையாக வார்க்கிறார்கள். சைடுகார் வண்டி சாயாது. கார் மாதிரி நிமிர்ந்தபடியே திரும்பும். எனவே உருண்டை டயரின் நடுப்பகுதி மட்டுமே எப்போதும் தரையில் படுகிறது. ஓரத்துப் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள், புதுசாகவே இருக்க, நடுப் பட்டன் மொட்டையாகிவிடும்.

வளைவில் டயரைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் சேர்கிறது. சாயும் பைக்கில் அந்த விசை டயரின் உயரத்தோடு இறங்கும். சாயாத வண்டியில் டயரின் பக்கச் சுவரை அது மடக்கப் பார்க்கும். ஆகவே சைடுகாருக்கு டயர் தேடும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: தரையில் படும் தலைப்பகுதி கொஞ்சம் தட்டையாக இருக்க வேண்டும், பக்கச் சுவர் விறைப்பாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஏவான் நிறுவனம் இதற்கென்றே சதுரத் தலை கொண்ட ‘ட்ரிப்பிள் டியூட்டி’ சைடுகார் டயரை 3.50-19 அளவில் (3.5 அங்குல அகலம், 19 அங்குல ரிம்) செய்தது. அது கையில் கிடைக்காவிட்டால், கடையில் இருக்கும் 3.50-19 டயர்களை வரிசையாக நிறுத்தித் தலையைப் பாருங்கள். எது தட்டையோ அதை எடுங்கள்.

முன்னாடி ரிப் டயர், பின்னாடி கட்டை பட்டன். இது ஓகேவா?

சோலோ, அதாவது சைடுகார் இல்லாத, புல்லட்டில் காலம் காலமாக இருக்கும் ஜோடி அது. சைடுகாரில் முன்பக்கத்துக்கு நான், சுற்றிலும் நீளக் கோடுகள் ஓடும் ரிப் டயரைச் சிபாரிசு செய்வதில்லை. பெரும்பாலான ரிப் டயர்கள் குறுகலானவை, தலை உருண்டை. சைடுகார் வண்டியைத் திருப்பும்போது முன் டயர் தார் ரோட்டில் உரசிக்கொண்டே போகிறது. அந்த உரசலில் ரிப்பின் ஓரங்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

3.25-19 ரிப்புக்குப் பதிலாக 3.50-19 அளவில், இரண்டு சக்கரத்துக்கும் பொருந்தும் என்று விற்கும் பட்டனைப் போடுங்கள். பழைய புல்லட்டின் டபிள்யூ.எம்.2 ரிம், அதாவது 1.85 அங்குல அகல ரிம், இந்த அளவை ஏற்கும். வண்டியின் முன்பக்கம் ஆறேழு மில்லிமீட்டர்தான் உயரும். மட்கார்டில் உரசுகிறதா என்று மட்டும் கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

பின் டயரையே முன்னாடி போட்டேன். அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கணும்?

திருப்பிப் போட வேண்டும். பின் டயரில் உள்ள அம்புக்குறி, இன்ஜின் இழுக்கும் விசையை மனதில் வைத்துப் போட்டது. முன் சக்கரத்தை இன்ஜின் இழுப்பதில்லை, பிரேக் மட்டும் பிடிக்கிறது. பிரேக்கின் விசை எதிர்த்திசையில் வேலை செய்வதால் அம்புக்குறியும் எதிர்த்திசையில் இருக்க வேண்டும். பஞ்சர் கடையில் டயரை மாட்டுபவர் அம்புக்குறியைப் பார்த்து வழக்கம்போல மாட்டிவிடுவார், பக்கத்தில் நின்று சொல்லுங்கள். சைடுகார் சக்கரத்தில் பிரேக் இருந்தால் அங்கும் இதே கணக்கு. பிரேக் இல்லையென்றால் எந்தப் பக்கம் இருந்தாலும் சரிதான்.

பின்னாடி கார் டயர் போடலாமா? வெளிநாட்டுல எல்லாரும் போடுறாங்களே.

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். ஜெர்மனியில் சைடுகார் வைத்த பழைய பி.எம்.டபிள்யூ.க்களில் 19 அங்குல அல்லது 18 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 15 அங்குல ரிம் கட்டி, 125 ஆர் 15 (125 மி.மீ. அகலம், 15 அங்குல ரேடியல்) கார் டயர் போடுவது நெடுநாள் வழக்கம். சிட்ரோயன் 2சி.வி. என்ற சின்ன காரின் டயர் அது. தலை முழுக்கத் தட்டை, தரையில் படும் பரப்பு அதிகம், பைக் டயரைவிடப் பல மடங்கு நாள் உழைக்கும். சுமைக் குறியீடு 68, அதாவது ஒரு டயர் 315 கிலோ தாங்கும். 57 என்று போட்ட பைக் டயர் தாங்குவது 230 கிலோதான்.

ஆனால் அவர்கள் டயரை மட்டும் மாற்றுவதில்லை. ரிம், ஸ்போக், சில நேரம் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் வரைக்கும் மாற்றுகிறார்கள். கார் டயரின் விளிம்பு உட்காரும் இடமும் பைக் ரிம்மின் விளிம்பு மேடையும் ஒரே வடிவம் அல்ல. 2சி.வி.யின் ரிம் அகலம் 4 அங்குலம். புல்லட் ரிம் அதில் பாதிகூட இல்லை. குறுகிய பைக் ரிம்மில் கார் டயரை அமுக்கிச் சோப்புத் தண்ணீர் விட்டு ஏற்றினால், வளைவில் விளிம்பு நழுவி ஒரே நொடியில் காற்று போய்விடலாம். கார் டயர் வேண்டுமென்றால் கார் டயருக்கான ரிம்மைப் புல்லட் சக்கரத்தின் நடுக்குடத்தில் (ஹப்) கட்டத் தெரிந்தவரிடம் போங்கள். 19 அங்குல ரிம்மில் கார் டயர் என்ற பேச்சே வேண்டாம்.

அளவையும் யோசியுங்கள். 3.50-19 டயரின் விட்டம் சுமார் 660 மி.மீ., 125 ஆர் 15-இன் விட்டம் சுமார் 580. வண்டியின் பின்பக்கம் 40 மி.மீ. இறங்கும். அப்படி இறங்கினால் முன் ஃபோர்க் இன்னும் பின்னால் சாய்ந்து, ஏற்கெனவே கனமான ஹேண்டில் மேலும் கனமாகும். பைக் சைடுகாரை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் அளவும் கூடும். கியர் 12 சதவீதம் இறங்கியது போலாகிவிடும். சைடுகார் இழுக்க அது நல்லதுதான், சின்ன ஸ்ப்ராக்கெட் வாங்கும் செலவு மிச்சம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் குறுகலான கார் டயர்கள் பெரும்பாலும் 12, 13 அங்குலம். நானோ காரின் முன் டயர் 135/70 ஆர் 12. அதன் விட்டம் 500 மி.மீ.கூட வராது. அதைப் போட்டால் புல்லட்டின் பின்பக்கம் உட்கார்ந்தேவிடும். நான் அந்த வழிக்குப் போகவில்லை.

பின்னாடி ரேடியல், முன்னாடி நைலான். கலக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே?

பழைய புல்லட் அளவில் நம் கடைகளில் விற்பவை நைலான் இழையைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுச் செய்த டயர்கள். எம்.ஆர்.எஃப். தன் டயருக்கு ‘நைலோகிரிப்’ என்று பேர் வைத்ததே அந்த நைலானை வைத்துத்தான். கார் டயர்கள் ரேடியல், அதாவது இழை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுபவை. வளைவில் இரண்டும் வேறு விதமாக இழுபடும்.

கார்களுக்குச் சொல்லும் பழைய விதி இங்கும் பொருந்தும்: கலந்தே ஆக வேண்டுமென்றால் ரேடியல் பின்னால், நைலான் முன்னால். பின்பக்கம் பிடிப்பு அதிகமாக இருந்தால், வேகம் மிஞ்சும்போது முன் சக்கரம் முதலில் வழுக்கும். அதைக் கையில் உணர முடியும், ஆக்சிலேட்டரைக் குறைக்க நேரம் கிடைக்கும். தலைகீழாகப் போட்டால் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றிவிடும். மேலே சொன்ன ஜெர்மன் வண்டிகளில் பின்னால் கார் ரேடியல் போட்டுவிட்டு முன்னால் பைக் டயரையே வைத்திருப்பவர்கள் நிறைய. சைடுகார் சக்கரத்தில் எந்த ரகம் இருந்தாலும் அவ்வளவு பாதிப்பு இல்லை.

சைடுகாருக்கு ஸ்கூட்டர் டயர் போதுமா? ஆட்டோ டயர் போட்டுக்கலாமா?

எந்த அளவு சக்கரத்தை வைத்து அந்த சைடுகாரைச் செய்தார்களோ அதையே வையுங்கள். பழைய பஜாஜ் சேத்தக், லாம்பி ஸ்கூட்டர்களின் 3.50-10 சக்கரத்தில் ஒரு வசதி உண்டு. ரிம் இரண்டு பாதியாகப் பிரியும், போல்ட்டைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டலாம். ஆட்டோவின் 4.00-8 டயர் சுமை தாங்குவதில் கெட்டி. ஆனால் சக்கரம் சின்னதாகச் சின்னதாகக் குழி பெரிதாகத் தெரியும். உள்ளே அம்மாவையோ குழந்தையையோ உட்கார வைத்து ஓட்டும் வண்டி அது. அடி வாங்குவது அவர்கள் முதுகு. சின்ன சக்கரம் வைத்தவர்கள் நல்ல ஷாக் அப்சார்பரும் வைத்திருக்க வேண்டும்.

மூணு சக்கரமும் ஒரே அளவா இருந்தா ஸ்டெப்னி ஒண்ணு போதும்ல?

அளவு மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, ஹப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ரஷ்யாவின் யூரல் வண்டியில் அப்படித்தான். எந்தச் சக்கரத்தையும் எங்கேயும் மாட்டலாம், சைடுகாரின் முதுகில் நாலாவது சக்கரம் தொங்கும். புல்லட்டில் முன் ஹப், பின் ஹப், சைடுகார் ஹப் மூன்றும் வேறு வேறு. மூன்று டயரும் 3.50-19 ஆக இருந்தால் குறைந்தபட்சம் ஒரே அளவு டியூபும் ஒரு டயரும் போதும். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. நெடும்பயணத்தில் இரண்டு டியூப் எடுத்துப்போகிறேன், எந்தச் சக்கரம் பஞ்சர் என்று கவலை இல்லை.

பாதி தேய்ஞ்ச பின் டயரைத் தூக்கிப் போட மனசு வரல. வேற எங்கேயாவது போடலாமா?

சைடுகாரிலும் அதே அளவு ரிம் இருந்தால் அதில் போடுங்கள். அங்கே தேய்மானம் குறைவு, பின்னால் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்த டயர் சைடுகாருக்குப் பொருத்தமாகவே இருக்கும். இன்னும் நிறைய நாள் ஓடும்.

முன்னால் மட்டும் போடாதீர்கள். நான் அதைச் செய்துபார்த்தவன். ஒரு கடையில் “இன்னும் பட்டன் இருக்கு சார்” என்றார்கள், நானும் சரி என்று பின் டயரை முன்னால் மாட்டிக்கொண்டேன். வீடு வந்து சேர்வதற்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் இடமும் வலமும் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. சைடுகாரில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. மறுநாள் புது டயர் போட்டதும் ஆட்டம் பெருமளவு நின்றது.

டயர் மாத்தினதுல இருந்து ஹேண்டில் ஆடுது. டயர்தான் காரணமா?

இருக்கலாம். மெதுவான வேகத்தில், கை லேசாகத் தளரும்போது வரும் ஆட்டம் சைடுகார் வண்டிகளின் பழைய வியாதி. முன் டயர் தட்டையாகத் தேய்ந்திருந்தாலும், காற்று குறைந்திருந்தாலும், புது டயர் விளிம்பில் சீராக உட்காராமல் இருந்தாலும் அது கூடும். விளிம்பை ஒட்டி டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். ரிம்மிலிருந்து அந்தக் கோடு எல்லா இடத்திலும் சம தூரத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காற்றை இறக்கி மறுபடி உட்கார வையுங்கள்.

அது சரியாக இருந்தால் ஸ்டீயரிங் பேரிங், ஸ்போக் இறுக்கம், அப்புறம் அலைன்மென்ட். பழைய புல்லட்டில் ஹேண்டில் நடுவே இருக்கும் டாம்பர் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் ஆட்டம் அடங்கும். ஆனால் காரணத்தைத் தேடாமல் திருகை மட்டும் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

அலைன்மென்ட்டுக்கும் டயர் கலக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்பவே சம்பந்தம் உண்டு, பலர் கோட்டைவிடும் இடமும் இதுதான். சைடுகார் சக்கரம் பைக்குக்கு நேர் இணையாக இருக்காது. முன்பக்கம் பைக்கை நோக்கி லேசாக உள்வாங்கி இருக்கும். அளக்க, பைக்கின் இரண்டு சக்கரத்தை ஒட்டி ஒரு நேரான சட்டம், சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று வைத்து, முன்னும் பின்னும் இடைவெளியை அளப்பார்கள். முன் இடைவெளி 10 முதல் 20 மி.மீ. வரை குறைவாக இருப்பது பொதுவான கணக்கு.

இப்போது பின்னால் 125 மி.மீ. அகல டயரும் முன்னால் 83 மி.மீ. அகலமுள்ள 3.25 டயரும் இருந்தால் என்ன ஆகும்? சட்டம் இரண்டையும் தொட்டபடி இருந்தால் அது கோணலாகவே நிற்கும். ஏனென்றால் ஒவ்வொரு பக்கமும் 21 மி.மீ. வித்தியாசம். நீங்கள் சரிசெய்ய நினைத்த மொத்த அளவே அந்தப் பிழைக்குள் காணாமல் போய்விடும். அதனால் சட்டத்தைப் பின் டயரோடு மட்டும் ஒட்டி வைத்து, முன் டயரின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் சட்டத்துக்கு ஒரே அளவு இடைவெளி வரும்படி ஹேண்டிலை நேராக்கி, அப்புறம் அளங்கள். கொத்தனார் நூல் பிடிக்கிற மாதிரி பொறுமையாக இருமுறை பாருங்கள். டயர் அளவு மாறிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

அலைன்மென்ட் தவறினால் டயரே சொல்லும். பட்டனின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பாகவும் திரும்பும்போது அரம் மாதிரியும் இருந்தால், அந்தச் சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது.

காற்று எவ்வளவு பிடிக்கணும்?

என் வண்டியில் முன்னால் 24, பின்னால் 32, சைடுகாரில் 20 பி.எஸ்.ஐ. உங்களுக்கு இது தொடக்கம் மட்டுமே. டயரின் குறுக்கே சாக்பீஸால் தடிமனான கோடு போட்டு, காய்ந்த ரோட்டில் நூறு மீட்டர் நேராக ஓட்டிப் பாருங்கள். தட்டையான டயரில் நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. உருண்டை டயரில் எப்படியும் நடுதான் அழியும், அங்கே இந்தச் சோதனை பாதிதான் உதவும்.

யூரல் மாதிரி சைடுகார் சக்கரமும் இழுக்கிற வண்டியில டயர் கலக்கலாமா?

பின் சக்கரத்தையும் சைடுகார் சக்கரத்தையும் ஒரே தண்டு இழுக்கும் வண்டியில் கூடாது. தேவைப்படும்போது மட்டும் இணைத்துக்கொள்ளும் யூரல்களில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று இருந்தாலே சுற்றளவு மாறி, இணைப்பில் இறுக்கம் ஏறும். அந்த இரண்டு டயரையும் ஜோடியாகவே மாற்றுங்கள். சேற்றிலும் மணலிலும் மட்டும் அந்த இழுவையைப் போட்டு, தார் ரோட்டில் எடுத்துவிடுங்கள்.

ரீபட்டன் டயர் போடலாமா?

பைக்கின் இரண்டு சக்கரத்திலும் வேண்டாம். சாயாத வண்டியின் பக்கவாட்டு விசையில் ஒட்டிய பட்டன் பிரிந்து வரும் ஆபத்து எனக்கு ஏற்புடையதல்ல. பழைய டயர் வாங்கினால் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தால் எடுக்காதீர்கள்.

வாரக் கடைசியில சைடுகாரைக் கழட்டிட்டு சோலோவா ஓட்டுவேன். அதே டயர் போதுமா?

சைடுகாரோடு ஓடித் தட்டையான டயரில் சோலோ ஓட்டினால், வளைவில் வண்டி சாயவே தயங்கும். சாய ஆரம்பித்ததும் அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்டித் திடீரென்று விழுவதுபோல இருக்கும். கார் டயரென்றால் சோலோ நினைப்பையே விட்டுவிடுங்கள். அடிக்கடி கழற்றி மாட்டுபவர் சோலோவுக்கென்று தனியாக ஒரு ஜோடி சக்கரம் வைத்துக்கொள்வது நல்லது.

இதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இருக்கா?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், கழற்றக்கூடிய சைடுகாரையும் அதன் கூடுதல் சக்கரத்தையும் சேர்த்தே ‘மோட்டார் சைக்கிள்’ என்று வரையறுக்கிறது. ஆனால் வண்டியின் அமைப்பை ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக மாற்றுவதை 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ரிம் அளவை மாற்றிக் கார் டயர் போட நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பட்டன் ஆழம் இரு சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. நான் 2 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுகிறேன்.

மூணையும் ஒரே நேரத்துல மாத்தக் காசு இல்ல. எதை முதல்ல மாத்த?

முன் டயர். பின் டயர் வழுக்கினால் வண்டி கோணும், சைடுகார் டயர் வழுக்கினால் கொஞ்சம் இழுக்கும். முன் டயர் பிடிப்பை விட்டால் திருப்பவும் முடியாது, ஒழுங்காக நிறுத்தவும் முடியாது. அடுத்த மாதம் பின்னுக்குப் புதுசு வாங்கி, பழையதை மேலே சொன்னபடி சைடுகாருக்கு மாற்றுங்கள். மூன்றாவது டயர் வாங்கும் செலவே இருக்காது.

எந்த டயர் மாற்றினாலும், முதல் ஓட்டத்தில் சைடுகாரில் ஆள் வேண்டாம். ஐம்பது கிலோ மணல் மூட்டையை வைத்துக் கட்டி, காலி மைதானத்தில் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது சைடுகார் சக்கரம் எந்த வேகத்தில் தூக்குகிறது, பிரேக் அடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கைக்குப் பழகட்டும். மறுநாள் காலையில் காற்றை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டாரை ஏற்றிக்கொள்ளுங்கள்.